படம் போகும் நேரம்

டிவியை நகர்த்தினால்தான் சவப்பெட்டியை நடுவீட்டில் நேராக வைக்க முடியும் என்றார்கள். ஒயர்களைப் பிடுங்கப் போன பிரான்சிஸ், டிவியின் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு நின்றான்.

"யாரும்மா துணி போட்டது?"

"நான்தான்டா" என்றாள் அவன் அம்மா சவுரியம்மாள், புருஷனின் தலைமாட்டை விட்டு நகராமல். "நேத்து வெள்ளிக்கிழமையாச்சே. தவக்காலத்து வெள்ளிக்கிழமைல நம்மூட்ல என்னிக்கி டிவி ஓடியிருக்குது? காலைலியே மூடிட்டுதான் மல்லாட்டைக் கொல்லைக்குப் போனேன்."

பிரான்சிஸ் பிடித்த ஒயரை விடவில்லை.

திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் டிஷ் மாட்டத் தன் மகனை விட்டால் ஆளில்லை என்று ஒலக்கூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அப்பா தேவசகாயம். அந்த மகனுக்குத்தான் இந்த வாரம் அப்பாவோடு பெரிய ரோதனையாகப் போயிற்று. வானத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால், வருஷத்தில் இரண்டு தடவை, சில நாள் சூரியன் வந்துவிடும். அப்போது கொஞ்ச நேரம் படம் வராது. பங்குனி பிறந்ததிலிருந்து அதுதான் நடந்துகொண்டிருந்தது. தினமும் படம் போனதும் அப்பா போன் போடுவார்.

"டேய், படம் கட்டம் கட்டமா ஒடஞ்சி பூடுச்சிடா."

"அது சூரியன்ப்பா, தானா வந்துடும். எத்தினி வாட்டி சொல்றது? பேஜாரு பண்ணாதப்பா, வேல செஞ்சிக்கினு கீறேன்."

மறுநாளும் அதே போன், அதே பதில்.

நேற்று அதே நேரத்துக்கு அவன் திண்டிவனத்தில் ஒரு மாடியில் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்தான். போனில் 'அப்பா' என்று வந்தது. சூரியன்தான் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அடித்து ஓய்ந்தது. வேலை முடிந்து டீ குடிக்கும்போதுதான் அம்மா கூப்பிட்டாள். வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து வந்து பார்த்தால், அப்பா நெஞ்சில் கையை வைத்தபடி கட்டிலடியில் கிடந்தாராம்.

படத்துக்காகத்தான் கூப்பிட்டிருப்பார், வலி அதற்கப்புறம் வந்திருக்கும். பாவி மனசு இதைப் பிடித்துக்கொண்டுதான் விடியும்வரை தாக்குப்பிடித்தது. வெள்ளிக்கிழமைத் துணியைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவன் அவன். மாடியில் நின்றபோது அது ஏன் ஞாபகத்துக்கு வரவில்லை?

"இன்னாங்க, ஃபாதர் வந்துட்டாரு" என்று மனைவி ரோஜா தோளைத் தொட்டாள். துணியோடு சேர்த்தே டிவியைத் தூக்கி உள்ளே வைத்தான்.

ஜெபம் முடிந்து ஒவ்வொருவராகக் கடைசி முத்தம் கொடுத்தார்கள். பெட்டியின் மூடியைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். அவன் குனியும் நேரத்தில் போன் அடித்தது.

"ஆஃப் பண்ணுங்க" என்றாள் ரோஜா பல்லைக் கடித்துக்கொண்டு.

எடுத்துவிட்டான். போன மாதம் டிஷ் மாட்டிக் கொடுத்த வீட்டுப் பெரியவர்.

"தம்பி, படம் பூடுச்சேப்பா."

"சூரியன் நேரா வந்துக்கீதுங்க ஐயா. தானா வந்துடும்." பெட்டிக்குள் கிடந்த அப்பாவைப் பார்த்தான். "ஐயா, உங்களுக்கு உடம்பு நல்லா கீதுங்களா?"

"எனக்கு இன்னாப்பா? டிவிதான் வரல."

"சரிங்க. வெச்சிடாதீங்க. படம் வர்ற வரைக்கும் நான் லைன்லியே கீறேன்."

பெரியவர் ஒன்றும் புரியாமல் 'உம்' கொட்டினார். மூடியைத் தூக்க வந்த இரண்டு பேரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரான்சிஸ் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் பெரியவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.