பெரட்டுக் களத்துப் பேய்

1936இல் துணிக்கடை காசிம் மரைக்காயர் பேய்ப்படம் எடுக்கக் கிளம்பினார். கதை எழுதும் வேலை எனக்கு வந்தது. வாழைத்தோப்பு, நடுராத்திரி, வெள்ளைச் சேலை என்று எழுதினேன். பினாங்கில் கேட்டவர்கள் நடுங்கினார்கள்.

“டவுன்காரன் பயந்தா போதுமா தம்பி? டிக்கெட் வாங்கப் போறது தோட்டத்து ஆளுங்கதானே” என்றார் மரைக்காயர்.

நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதையை வாசித்தேன். வெள்ளைச் சேலை வந்ததும் சிரித்தார்கள்.

“இருட்டுலயே பால் வெட்டப் போறவங்கண்ணே நாங்க. இதுக்கா பயப்படுவோம்?” என்றாள் முன்வரிசையிலிருந்த அஞ்சலை.

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு மரைக்காயரையும் கூட்டிக்கொண்டு வேறு கதையோடு போனேன். வாழைத்தோப்புக்குப் பதில் பெரட்டுக் களம். விடிவதற்குள் ஆட்களை வரிசையில் நிறுத்தி, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பேர் கூப்பிடும் இடம். என் கதையில் செத்துப்போன கிராணி அங்கே வந்து, அன்றைக்குச் சாகப்போகிறவர்களை மட்டும் கூப்பிடுகிறான். முதல் பேராக, வேண்டுமென்றேதான், அவள் பேரை வைத்திருந்தேன்.

கிராணியின் அதட்டலோடு வாசித்தேன்.

“அஞ்சலை!”

“வந்துட்டேங்க!”

எழுந்து நின்ற பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

“இதுதான் படம்!” என்று மரைக்காயர் என் முதுகில் தட்டினார்.

மறுநாள் பெரட்டில் நிஜக் கிராணி மூன்று முறை கூப்பிட்டாராம். வரிசையில் நின்ற அஞ்சலை வாயைத் திறக்கவில்லை. ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள்.