சுடலையம்மாள் சொன்ன ஜெபம்

தேவதானத்து ஆட்கள் அந்த இடத்துக்கு வைத்திருந்த பெயர் சாணிக் கம்பெனி. அங்கே ஒன்றாகக் குடியிருந்து இயற்கை விவசாயம் பார்த்தவர்கள் தங்கள் இடத்துக்கு வைத்த பெயர் வேறு. நல்ல பெயர்தான், போர்டில் எழுதியதோடு சரி. தபால்காரர்கூட "சாணிக் கம்பெனிக்குக் கடுதாசி" என்றுதான் கூவுவார். மூன்று இந்துக் குடும்பம், இரண்டு கிறிஸ்தவக் குடும்பம், எட்டு நாட்டு மாடு, மாட்டுச் சாணத்து கேஸில் எரிகிற ஒரே பொது அடுப்பு. யூரியா கிடையாது, சோப்பு கிடையாது, வெள்ளைச் சீனி கிடையாது. குளித்த தண்ணீரை வாழைக்குப் பாயவிடாமல் வீணாக்கியவரைக் கொலைக் கேஸில் மாட்டியவரைப் போலப் பார்ப்பார்கள்.

அந்தக் கிறிஸ்தவர்களில் ஒருவனான தவசிமுத்து ராஜபாளையத்து மில்லில் ஃபிட்டராக இருந்தவன். பஞ்சுத் தூசியில் இருமல் வந்து வேலையை விட்டுவிட்டு, மனைவி பரிபூரணத்தோடு இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது. இருமல் போய்விட்டது. மாமியார் கிருபாபாய் மேல் இருந்த பயம் மட்டும் போகவில்லை.

அந்த மாமியார்தான் 1988 டிசம்பரில் ஒரு காலை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். பரிபூரணத்துக்கு ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு அழைத்துப் போக வந்திருக்கிறாள். அழைத்துப் போகட்டும், அது முறைதான். திருப்பி அனுப்புவாளா என்பதுதான் தவசிமுத்துவின் கவலை. அதை அவள் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"சாயங்கால பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன் மாப்பிள. தாயையும் பிள்ளையையும் பொறவு இங்க அனுப்புறதா வேண்டாமாங்கிறத, இந்த இடத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

பார்த்தாள். கருப்பட்டிக் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளி வைத்தாள். தண்ணீர் ஊற்றாமல் சாம்பல் போடுகிற கக்கூஸைப் பார்த்துவிட்டு வந்தவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தவசிமுத்துவுக்கு அங்கேயாவது வாயை மூடத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒரு வருசம் மக்கினா அம்புட்டும் எரு அத்தை" என்றான்.

"அத எதுக்குப் போடுவிய?"

"கத்தரிக்கு."

மதியத்துக்குக் கத்தரிக்காய்க் கூட்டு. பரிபூரணம் தலையில் அடித்துக்கொண்டாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் மதத்துக்கு ஒன்றாக இரண்டு பிரார்த்தனை நடந்தது. இவர்கள் இரண்டு நிமிஷம் சொன்னால் அவர்கள் நாலு நிமிஷம் சொல்வார்கள், மறுநாள் இவர்கள் எட்டு. சோறு ஆறிப் போகும். இடத்தை ஆரம்பித்த டிராயிங் மாஸ்டர் சௌந்தரபாண்டியன் ஒரு சட்டம் போட்டார். இந்துக்கள் கிறிஸ்தவ ஜெபத்தைச் சொல்ல வேண்டும், கிறிஸ்தவர்கள் சாமிப் பாட்டைப் பாட வேண்டும். அடுத்த வீட்டுச் சாமியிடம் யாரும் நீட்டி முழக்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அந்த மூன்று இந்து வீட்டில் ஒரு வீட்டுச் சுடலையம்மாளைத் தெரியாமல் மனிதர் போட்ட கணக்கு அது.

எல்லோரும் பாயில் உட்கார்ந்ததும் கிருபாபாய் முக்காடு போட்டுக்கொண்டாள். "மாப்பிள, நீங்க ஜெபம் பண்ணுங்க."

தவசிமுத்து கண்ணை மூடி வாயைத் திறந்தான். அந்த மாதம் முழுக்க விடியற்காலையில் பாடிக்கொண்டிருந்த மார்கழிப் பாட்டின் முதல் அடி, ராகத்தோடு வெளியே வந்துவிட்டது. யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறினார்கள். அவன் வியர்த்துப் போய், "பிதாவே" என்றான். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. பெண்டாட்டியும் பிள்ளையும் கை நழுவிப் போவதைக் கண்ணை மூடிக்கொண்டே பார்த்தான்.

சோற்றுப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது. "இந்த ஆகாரத்துக்காகன்னு சொல்லுங்க தம்பி."

கிருபாபாய் கண்ணைத் திறந்தாள். கையில் அகப்பையோடு நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருத்தி நின்றாள்.

"ஆரும்மா நீ?"

"சுடலையம்மா, அக்கா. ஜெபம் எம் மொறைல்லா, நாலு வருசமா நாந்தான் சொல்லுதேன். அவிய எங்க சாமிப் பாட்டுப் பாடுவாக. ராகந்தான் முன்னப் பின்ன இருக்கும்."

"அப்ப நீயே சொல்லு" என்றாள் கிருபாபாய். குரலில் எரிச்சல் இருந்தது.

சுடலையம்மாள் அகப்பையை வைத்துவிட்டு முந்தானையைத் தலையில் போட்டு முழங்காலிட்டாள்.

"பிதாவே, இந்தச் சோத்துக்குத் தோத்திரம். இத ஆக்குன அடுப்புக்குத் தோத்திரம். சாணி போட்ட எட்டு மாட்டுக்கும் தோத்திரம். செவலைக்கு மடி வீங்கியிருக்கு, தொட்டுக் குணமாக்கும். கேஸ் குழாய்ல தண்ணி அடைக்காமக் காத்துக்கொள்ளும்."

கிருபாபாயின் உதடு கோணியது.

"பரிபூரணத்துக்குக் கால் வீக்கம் வத்திருக்கு, அதுக்கும் தோத்திரம். போன வருசம் ஆடில கலஞ்சு போச்சே, அது மாதிரி இந்தப் பிள்ளையையும் எடுத்துக்கிடாதேயும். தினமும் கேக்கேன்னு சடைக்காதேயும். ஆமென்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். கிருபாபாய் சொல்லவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடிலயா?"

பரிபூரணம் தலையை ஆட்டினாள்.

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"சொன்னா இந்த இடத்தத்தான கொற சொல்லுவ."

"அப்ப ஒன்ன ஆரு பாத்தா?"

பரிபூரணம் பானைப் பக்கம் பார்த்தாள். அங்கே சுடலையம்மாள், வாயை விட்டுவிட்டோமே என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். கிருபாபாய் மறுபடி கண்ணை மூடினாள். விட்டுப்போன ஆமெனைச் சொன்னாள். பிறகு சாப்பிட்டாள், கத்தரிக்காய்க் கூட்டை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கி.

சாயங்காலம் பஸ் ஏறும்போது மருமகனிடம் சொன்னாள். "பிள்ளைக்கு மூணு மாசம் ஆகட்டும், நானே கொண்டாந்து விடுதேன். அதுக்குள்ள நீங்க ஜெபம் படிச்சிருக்கணும்."

தவசிமுத்துவுக்கு உயிர் திரும்பி வந்தது. "வீட்ல ஜெபப் புஸ்தகம் இருக்கு அத்தை, பாத்து…"

"புஸ்தகம் வேண்டாம். அவகிட்டப் படிங்க." வழியனுப்ப வந்து நின்ற சுடலையம்மாளைக் காட்டினாள்.

பஸ் உறுமியது. ஜன்னல் வழியாகக் கிருபாபாய் தலையை நீட்டினாள். "ஏம்மா சுடலையம்மா, இவ இங்க இல்லன்னு ஜெபத்துல பேர விட்றாத."

"விடுவனாக்கா? இன்னைலருந்து ஒங்க பேரும் உண்டு" என்றாள் சுடலையம்மாள். "செவலைக்கு அடுத்தாப்ல."