கும்பிட்டு முடிக்கும் வரை

மேகலாவுக்குக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் அதற்காகவே அவளை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்தும் அவள் ஜன்னல் வழியாக எங்கேயோ போய்விட்டு வருவாள். இப்போது வயது முப்பதைத் தொடப் போகிறது, மெஷின்களுக்கு மூளை வைத்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறாள், ஆனாலும் பழக்கம் விட்டபாடில்லை. மாதனூரில் பஸ் ஏறினால், ஆம்பூர் எப்போது வந்தது, எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது. வாணியம்பாடிக்குக் கொஞ்சம் முன்னால், நசீர் அகமதுவின் ஷெட் வந்ததும், கண்டக்டர்தான் குரல் கொடுத்து எழுப்பிவிடுவார்.

அந்த ஷெட்டில் ஷூவுக்கு சோல் வார்க்கிற அலுமினிய அச்சுகளைக் குடைந்து எடுக்கிறார்கள். சுற்று வட்டாரத்து ஷூ கம்பெனிகள் பாதிக்கு அச்சு இங்கிருந்துதான் போகிறது. குடைவது கம்ப்யூட்டர் சொல்படி ஓடுகிற ஒரு பழைய சி.என்.சி. மெஷின். அதை ஓட்டுவது சோபனா என்கிற ஆலங்காயத்துப் பெண், பாலிடெக்னிக் முடித்து நேராக இங்கே வந்தவள். அலுமினியக் கட்டியை உள்ளே வைத்து இறுக்கி, கதவைச் சாத்தி, பச்சைப் பொத்தானை அழுத்துவாள். மெஷின் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டே குடையும்.

நசீர் அகமது இப்போது பக்கத்திலேயே இன்னொரு மெஷினை இறக்கியிருந்தார். இரண்டையும் சோபனா ஒருத்தியே பார்த்துக்கொள்ள வேண்டும், எது எப்போது ஓட வேண்டும் என்பதைச் சுவரில் மாட்டிய பி.எல்.சி. பெட்டி தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. புது மெஷின் சொன்னதைக் கேட்டது. பழையதுதான் வம்பு. அதன் முதுகில் இருப்பது அந்தக் காலத்து சீரியல் போர்ட் ஒன்றே ஒன்று. அதில் கேபிளைச் சொருகி, பெட்டியையும் மெஷினையும் பேச வைக்க வேண்டும். அதுதான் மேகலாவின் வேலை.

சீரியல் இணைப்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முக்கியமாக மூன்று கம்பிகள். ஒன்றில் பேசுவது, இன்னொன்றில் கேட்பது, மூன்றாவது இரண்டு பேருக்கும் பொதுவான தரை, எர்த் மாதிரி. பெட்டியின் வாய் மெஷினின் காதுக்குப் போக வேண்டும், மெஷினின் வாய் பெட்டியின் காதுக்கு வர வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். சொல்ல வேண்டியது ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றன் பின்னால் ஒன்றாகக் கம்பியில் போகும். ஒவ்வொரு எழுத்துக்கும் கடைசியில் ஒரு சரிபார்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஒத்துப்போகவில்லை என்றால் மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டு, ஒரு தடவை கத்திவிட்டு, சும்மா நின்றுவிடும். காதில் சரியாக விழாததைச் செய்வதில்லை என்பதில் அந்தக் கிழட்டு மெஷினுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

மேகலா வந்த நாளிலிருந்து அது பிடிவாதமாகத்தான் இருந்தது. பத்து தடவை அனுப்பினால் ஏழு தடவை சரியாகக் கேட்கும், மூன்று தடவை கத்தும். எந்த மூன்று என்று சொல்ல முடியாது. மேகலா வேகத்தைச் சரிபார்த்தாள், கேபிளை மாற்றினாள், மாற்றிய கேபிளையும் மாற்றினாள். மெஷின் தன் சிவப்பு விளக்கை மாற்றவில்லை. ராத்திரி கனவில் எழுத்துகள் ஏலகிரி மலைப்பாதை வளைவுகளில் வரிசையாக ஏறிப் போவதைப் பார்த்தாள். ஏதோ ஒரு வளைவில் ஒரே ஒரு எழுத்து மட்டும் கால் வலிக்கிறது என்று மைல் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டது. போ, போ என்று கெஞ்சினாள். அது அவளைப் பார்த்துச் சிரித்தது.

கனவு அழகாகத்தான் இருந்தது, ஆனால் நாள் ஓடிக்கொண்டிருந்தது. சென்னைக் கம்பெனியை விட்டு வந்து, தன் பேரில் எடுத்த முதல் வேலை இது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து வரும்போது ஷூ கம்பெனிக்காரரைக் கூட்டி வருவதாகவும், அதற்குள் மெஷின் தானாக ஓட வேண்டும் என்றும், முடியாது என்றால் சென்னையிலிருந்து வேறு ஆளை வரவழைத்துக்கொள்வதாகவும் நசீர் அகமது தன்மையாகவே சொல்லியிருந்தார். அவர் தன்மையாகச் சொன்னதுதான் அவளை ஜாஸ்தி பயமுறுத்தியது.

வேலையைப் பக்கத்திலிருந்து பார்ப்பதற்காக அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். மெஷின் கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. கதவு திறந்திருந்தால் மெஷின் கிளம்பாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சோதிக்க வேண்டும் என்பதற்காக, அந்த சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி, மெஷினின் கண்ணில் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிற மாதிரி செய்துவிட்டாள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். வேலை முடிந்ததும் பிரித்துவிட வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

கை போனால் என்ன ஆகும் என்று அந்த ஷெட்டில் யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கேட்டில் நிற்கிற வேலு, முன்பு ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் தோலை இரண்டாகப் பிளக்கிற மெஷினில் இருந்தவர். அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. காலையில் மேகலா உள்ளே நுழையும்போது மிச்சமிருக்கிற மூன்றால் ஒரு சலாம் வைப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் தன் விரல்களைத் தன்னையறியாமல் மடக்கிக்கொள்வாள்.

சோபனாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஷட்டர் தூக்கியதும் மட்டும் இல்லை, கரண்ட் போய் வந்தாலும், சாப்பிட்டுவிட்டு வந்தாலும், மெஷின் நின்று மறுபடி கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் கதவுக்குள் தோள் வரைக்கும் குனிந்து, குடைகிற கட்டரின் அடியில் இருக்கிற இரும்பு மேடையைத் தொட்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்று, அப்புறம் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இத்தனை நாளும் அதில் ஒரு ஆபத்தும் இருந்ததில்லை. கும்பிட்டு முடித்து வெளியே வந்து, பச்சைப் பொத்தானை அழுத்துவதும் அவளேதானே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நசீர் அகமது பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். சோபனா சாப்பிடப் போயிருந்தாள். ஷெட் அடங்கியிருந்தது. காலையில் பெய்த தூறலில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாம் கழுவிவிட்டது போலிருந்தது. ஏலகிரியின் இடுப்பு வரைக்கும் மேகம் இறங்கி, மேலே மலை தனியாக மிதந்துகொண்டிருந்தது. மேகலா சுவர்ப் பெட்டியின் அருகே மடிக்கணினியை வைத்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து பார்த்தால் மெஷினின் முதுகு தெரியும், முன்பக்கம் தெரியாது. ஜன்னல் தெரியும். அந்த மேகத்துக்குள் வளைவு வளைவாக எழுத்துகள் ஏறிக்கொண்டிருப்பது போலவும், இந்தத் தடவை எதுவும் உட்காராமல் உச்சிக்குப் போய்விடும் போலவும் அவளுக்குத் தோன்றியது. மனசு இலேசாக இருந்தது. மலையைப் பார்த்தபடியே, கிளம்பு என்கிற கட்டளையைத் தட்டினாள்.

மெஷின் கத்தியது. சிவப்பு விளக்கு.

மேகலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சனியனே என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு, விளக்கை அணைக்கச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

சோபனா கதவுக்குள் குனிந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. வலக்கை கட்டருக்கு நேர் அடியில், மேடையின் மேல் விரிந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் நிதானமாகக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னாக்கா, மறுபடியும் கத்துதா?" என்று பரிதாபமாகக் கேட்டாள்.

மேகலா கையில் கிடைத்த ஆயில் டின்னைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பத்தில் ஏழு தடவை மெஷின் சரியாகக் கேட்டிருக்கிறது என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பசி மயக்கம் என்று நினைத்து சோபனா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அந்த டம்ளரை நீட்டிய கையையே மேகலா பார்த்தாள். விரல் நுனியில் கொஞ்சம் ஆயில் கறை, மோதிர விரலில் ஒரு பித்தளை வளையம். அவ்வளவுதான், சாதாரணக் கை.

எழுந்ததும் முதல் காரியமாகக் கதவு சுவிட்சின் முறுக்கைப் பிரித்தாள். அப்புறம்தான் மெஷினின் முதுகுப் பக்கம் போய், கேபிளைக் கழற்றி, டார்ச் அடித்து, போர்ட்டின் ஓட்டைகளுக்குள் பார்த்தாள். இத்தனை நாளும் கேபிளையே சந்தேகப்பட்டவள் போர்ட்டைச் சந்தேகப்படவில்லை. இரண்டு பின்களைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஊசியால் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தாள். சந்தனம்.

மெஷின் குலுங்கும்போது அந்தப் பொருக்கு ஒரு சமயம் பேச்சைப் போகவிடும், ஒரு சமயம் தடுக்கும். மைல் கல்லின் மேல் உட்கார்ந்த எழுத்து அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

பின்னால் வந்து நின்ற சோபனா டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தாள், ஊசி நுனியைப் பார்த்தாள், முகம் சுருங்கிவிட்டது.

"நான்தான்கா அது. ஆயுத பூஜை அன்னிக்கி எல்லாரும் மெஷினுக்கு முன்னாடிதான் பொட்டு வெச்சாங்க. பின்னாடியும் வெக்கணும்னு எனக்குத் தோணிச்சி. மூடி தொறந்து கெடந்துது, வழிஞ்சி உள்ள போயிருக்கும். உங்க வேலைய நான்தான் கெடுத்துட்டேன். பாய் கேட்டா என் பேர சொல்லிடுங்கக்கா, உங்க மேல போட்டுக்காதீங்க."

சரி, விடு என்று சொல்லிவிட்டால் போதும். பெட்டி ஓடும், பேர் நிற்கும், மத்தியானம் நடந்தது அந்த மெஷினுக்கும் மேகலாவுக்கும் மட்டும் தெரியும். அந்த நினைப்பு வந்ததற்காகவே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது.

"சோபனா, நீ கும்பிட்டுட்டு இருந்தப்ப நான் ஸ்டார்ட் குடுத்துட்டேன். கதவு சுவிட்ச நான்தான் லூப் போட்டு வெச்சிருந்தேன். நீ இருக்கியான்னு பாக்கல, மலைய பாத்துட்டு இருந்தேன். இந்தச் சந்தனம் இல்லன்னா உன் கை இல்ல."

சோபனா கத்தவில்லை. வலக்கையைத் தூக்கி, முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தாள். விரல்களை மடக்கி விரித்தாள். பிறகு தலையை நிமிர்த்தி கேட் பக்கம், வேலு நிற்கிற இடத்தை, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே மெஷின் கிட்ட வந்தா மலைய பாக்காதீங்கக்கா" என்றாள் கடைசியில். அதற்குமேல் அன்றைக்கு அவள் மேகலாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேகலா போர்ட்டைச் சுத்தமாகத் துடைத்தாள். துடைத்த பிறகு எத்தனை தடவை அனுப்பினாலும் மெஷின் ஒரு எழுத்துகூடத் தவறாமல் கேட்டது. அவள் ஏங்கிக் கிடந்த காரியம் நடந்துவிட்டது, ஆனால் சந்தோஷம் மட்டும் வரவில்லை. இனி அது எதையும் தப்பாகக் கேட்காது. அவள் தப்பாகச் சொன்னாலும் சரியாகவே கேட்கும். உட்கார்ந்து புரோகிராமில் சில வரிகளைச் சேர்த்தாள். மெஷின் நின்று மறுபடி கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் பெட்டி, தயார் என்று சொல்லிவிட்டு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். கதவு சாத்தி, வெளியே தள்ளித் தள்ளி அவள் புதிதாகப் பொருத்திய இரண்டு பொத்தான்களையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒழிய எதுவும் நகராது.

ஷூ கம்பெனிக்காரர் மழையைச் சொல்லி வரவில்லை. நசீர் அகமது தனியாகத்தான் வந்தார். மேகலா எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் முகம் இருண்டது. இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு நான் என்னம்மா செய்வது என்று கேட்டார். கேட்டது நியாயம் என்று அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். தானாக ஓட வேண்டும் என்றுதானே இவ்வளவும், மறுபடி பொத்தானிலேயே கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி என்றும் கேட்டார்.

"ஒவ்வொரு வேலைக்கும் அழுத்த வேணாம் பாய். நின்னு கெளம்புறப்ப மட்டும்தான். அவ கும்பிட்டுட்டு வர்ற வரைக்கும் மெஷின் நிக்கணும்."

அவர் மெஷினைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, அந்த மேடையைப் பார்த்தார்.

"நான் பிஸ்மில்லா சொல்லாம ஷட்டர் தூக்கறதில்ல. அதுக்கு நடுவுல எவனாவது ஷட்டர இழுத்து வுட்டா எனக்கு எப்படி இருக்கும். இருக்கட்டும், நிக்கட்டும்" என்றார். போகும்போது திரும்பி, சென்னைக்காரனைக் கூப்பிடவில்லை, ஆனால் நீயும் இனி ஜாக்கிரதையாக இரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கண்டக்டர் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. மாதனூரிலிருந்து அவள் கண் கொட்டாமல் வந்தாள். வேலு மூன்று விரலால் சலாம் வைத்தார். ஷட்டர் தூக்கினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஏலகிரி நேற்றைவிட அழகாக இருந்திருக்கும்; அவள் திரும்பவில்லை. பெட்டி தயார் என்றது, விளக்கு சிமிட்டத் தொடங்கியது. சோபனாவின் கண்ணில் படுகிற மாதிரி எதிரே வந்து, மேகலா தன் கைகள் இரண்டையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

சோபனா அவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து குனிந்து, கட்டரின் அடியில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். வேண்டுமென்றேதான் நிற்கிறாள் என்று மேகலாவுக்குப் புரிந்தது. விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. மெஷின் அசையவில்லை.

கையை எடுத்து ஒற்றிக்கொண்டு, கதவைச் சாத்தி, வந்து இரண்டு பொத்தான்களின் மேலும் இரண்டு கையையும் வைத்தாள்.

"அழுத்தட்டுமாக்கா?"

மேகலா முதலில் இடக்கை, அப்புறம் வலக்கை என்று சோபனாவின் பத்து விரலையும் எண்ணி முடித்த பிறகுதான் தலையை ஆட்டினாள்.