ஏழு வண்டிகளும் ஒரு ஆளும்

முப்பத்தோரு வருஷம் ஹில்டா ஒரு படம்கூட எடுத்ததில்லை. எடுக்க விட்டால்தானே! காஞ்சன்பாக்கில் அவள் வேலை பார்த்த ராணுவத் தொழிற்சாலைக்குள் கேமரா கூடாது, கைப்பேசியைக்கூட வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே அவளுக்கு வேலை, செய்து வருகிற உதிரிபாகங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது. சரியாக இருந்தால் கையெழுத்து. மயிரிழை பிசகினாலும் சிவப்பு அட்டையில் குறையை எழுதி நூலால் கட்டிவிடுவாள். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரிய அதிகாரியே வந்து கெஞ்சினாலும் அவிழாது. ஒருமுறை வந்து கெஞ்சியும் இருக்கிறார்.

ஓய்வு பெற்ற மறுவாரமே கேமரா வாங்கினாள். குகட்பள்ளியில் தமிழர்கள் நடத்துகிற கேமராக் குழுவில் சேர்ந்தாள். குழு ஆப்பிரிக்காவுக்குச் சிங்கம் பார்க்கக் கிளம்பியபோது முதல் பெயர் அவளுடையது. "அறுபது வயசுல உனக்கு எதுக்கு சிங்கம்?" என்று செகந்திராபாத்தில் சொந்தம் மொத்தமும் கேட்டது. "இருபது வயசுல யாரும் கூட்டிட்டுப் போகலையே" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள்.

மாசாய் மாரா புல்வெளியில் மூன்றாம் நாள் காலை அது நடந்தது. ஒரு பெண் சிங்கம் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு புதரிலிருந்து வெளியே வந்தது. சேதி பரவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழு வண்டிகள் வந்து மறித்துக்கொண்டன. சிங்கம் இடப்பக்கம் நாலடி வைத்தது, அங்கே ஒரு வண்டி. வலப்பக்கம் திரும்பியது, அங்கே ஒன்று. நடு வண்டியின் கூரைத் திறப்பில் நெஞ்சு வரைக்கும் வெளியே நின்றவர் கேமராக் குழுவின் தலைவர் ரகுநாதன். சிங்கம் முகம் காட்டவில்லையாம், அதற்காகக் கைதட்டிக் கூப்பிட்டார். தெருநாயைக்கூட இப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

சிங்கம் குட்டியைக் கீழே வைத்தது. அதன்மேல் காலை அகட்டி நின்றுகொண்டு, மறிக்காமல் தள்ளி நின்ற ஒரே வண்டியைப் பார்த்தது. அது ஹில்டாவின் வண்டி. ஹில்டா கேமராவை ஒரே ஒருமுறை அழுத்தினாள். அதற்குப் பிறகு கோபத்தில் அதை மடியில் வைத்துவிட்டாள்.

ஊர் திரும்பியதும் கண்காட்சி வேலை தொடங்கியது. எல்லோரும் கொடுத்த படங்களில் ஹில்டாவின் சிங்கம்தான் முதல் என்று குழுவே சொன்னது. ரகுநாதன் போன் செய்தார்.

"ஆன்ட்டி, படம் செம! பின்னாடி நிக்கிற வண்டிங்களை மட்டும் அழிச்சுட்டா நடுச் சுவர் உங்களுக்குத்தான். அஞ்சு நிமிஷ வேலை."

"நக்கோ தம்பி, வேண்டாம். கைக்கு? எதுக்கு அழிக்கணும்? அங்க இருந்துச்சே!"

"பாக்க அழகா இருக்கணும் இல்லையா?"

"அது பயந்து நின்னுச்சு. எதைப் பாத்துப் பயந்துச்சுன்னு காட்டலேன்னா அது என்ன படம்?"

"அப்ப ஓரத்துலதான் வைக்க முடியும் ஆன்ட்டி."

"ஹவ், சரி, ஓரத்துலயே வைங்க. அழிக்க மட்டும் கூடாது."

கண்காட்சிக்கு முந்தின நாள் வாட்ஸப்பில் அழைப்பிதழ் வந்தது. முகப்பிலேயே அந்தச் சிங்கம். சுற்றிலும் பொன்னிறப் புல், ஈ காக்கை இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு, ரகுநாதன் ஏழு வண்டியைப் புல்லில் மறைத்திருந்தார். கீழே கொட்டை எழுத்தில் ஹில்டாவின் பெயர்.

"பேரு பெருசாப் போட்டிருக்காங்களே, விட்டுடேன்" என்றார் கணவர் மோசஸ்.

"பேரு போட்டிருக்கறதாலதான் விட முடியல."

முப்பத்தோரு வருஷத்தில் பொய்யான ஒரு பொருளுக்குக் கீழே அந்தப் பெயர் வந்ததில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், உண்மைப் படத்தை இரண்டு முழ நீளத்துக்கு அச்சிட்டு வாங்கிச் சுருட்டிக்கொண்டாள். ஒரு சிவப்பு அட்டையும் நூலும் வாங்கினாள்.

மறுநாள் காலை மண்டபத்தில் நல்ல கூட்டம். சிறப்பு விருந்தினர் வந்து விளக்கேற்றி முடித்து, நடுச் சுவர்ப் பக்கம் நடந்தார். ஹில்டா அவரை முந்திக்கொண்டு போய், அங்கே மாட்டியிருந்த வண்டியில்லாத படத்தின் ஆணியில் சிவப்பு அட்டையைக் கட்டினாள். மூன்று முடிச்சு.

ரகுநாதன் ஓடி வந்தார். "ஆன்ட்டி, என்ன இது? ப்ளீஸ், விழாவைக் கெடுக்காதீங்க!" என்று அட்டையை நோக்கிக் கையை நீட்டினார்.

"கட்டினவதான் அவுக்கணும் தம்பி. கைய எடுங்க."

குரல் உயரவில்லை. ஆனால் ஒரு காலத்தில் பெரிய அதிகாரியைத் திருப்பி அனுப்பிய குரல் அது, ரகுநாதனின் கை பாதியிலேயே நின்றது. அதற்குள் சிறப்பு விருந்தினர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அட்டையை உரக்கப் படித்தார்: "நிராகரிக்கப்பட்டது. குறை: ஏழு வண்டிகளும் ஒரு ஆளும் காணவில்லை. ஹில்டா."

கூட்டம் நெருங்கி வந்தது. "ஆளா? எந்த ஆளும்மா?" என்று அவர் கேட்டார்.

ஹில்டா மோசஸிடமிருந்து சுருளை வாங்கிப் பிரித்தாள். புதுத் தாள், விரிக்க விரிக்க மறுபடி சுருண்டுகொண்டது. மோசஸ் உதவிக்கு வந்தார், வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"தம்பி, அந்த முனையக் கொஞ்சம் பிடிங்க" என்றாள் ரகுநாதனிடம்.

எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் பிடித்துக்கொண்டார். விரிந்த படத்தில், சிங்கத்துக்குப் பின்னால் நடு வண்டியில் கைதட்டிக்கொண்டு நின்றதும் அவரேதான்.