அண்ணி இல்லாத படம்

கொழுந்தனைப் பற்றிய படம் என்பதால் லூர்துமேரி பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு கிளம்பினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து டெஸ்மண்ட் சாகும்வரை அவனுக்குச் சோறு போட்டவள் அவள்தான். தன் வேஷத்தில் யார் நடித்திருப்பார்கள் என்று யோசித்து யோசித்து, இயக்குநர் கேசவிடம் கேட்டும் பார்த்துவிட்டாள். "ஸ்வல்ப பொறுங்க ஆன்ட்டி, ஸ்கிரீன்ல பாருங்க" என்று அவன் கன்னடம் கலந்து சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டான்.

டெஸ்மண்ட் கோலார் தங்கவயல் சுரங்க ஆட்களையே வரைந்தான். தலையில் விளக்கு இருக்கும், தோளில் கடப்பாரை இருக்கும், முகம் மட்டும் இருக்காது. குடிப்பான். சில மாதம் தூங்க மாட்டான். சில மாதம் கட்டிலைவிட்டு எழ மாட்டான். இரண்டு தடவை மனநல ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். செத்த பிறகுதான் ஊர் அவனைப் பெரிய ஓவியன் என்றது.

படத்துக்காக கேசவ் ஒரு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் பொம்மனஹள்ளி வீட்டுக்கு வந்தான். அவள் கணவன் யூஜின் அவனைத் தம்பியின் அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். வீட்டில் 'குழம்பு ஊத்து' என்பதற்கு மேல் பேசாத மனுஷன், உள்ளே மணிக்கணக்காகப் பேசினான், சிரித்தான், ஒருநாள் விக்கி விக்கி அழுதான். லூர்துமேரி டீயோடு கதவைத் தள்ளினால் பேச்சு நின்றுவிடும். அடுப்படியில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். செத்தவன்மேல் பொறாமைப்படுகிறோமே என்று சிலுவை போட்டுக்கொள்வாள். அப்படியும் எரிச்சல் அடங்காது.

தியேட்டரில் விளக்கு அணைந்தது. படத்தில் அண்ணனும் தம்பியும் ஒற்றை அறையில் இருந்தார்கள். அண்ணன் மீன் குழம்பு வைத்தான், பிசைந்து ஊட்டினான். தம்பி ஜன்னல் கண்ணாடியைக் குத்தி உடைத்தபோது, அண்ணன் தன் சட்டையைக் கிழித்துக் கட்டுப்போட்டான். கூட்டம் மூக்கை உறிஞ்சியது. யூஜினும் அழுதான். அந்த அண்ணனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"நான் எங்கங்க?" என்றாள் லூர்துமேரி.

"சினிமாதானே மேரி" என்றான் யூஜின், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

வெளியே வந்ததும் அவள் கேசவைப் பிடித்தாள். அவன் தலையைச் சொறிந்தான். "எழுதியிருந்தேன் ஆன்ட்டி. யூஜின் சார்தான் வேணாம்னாரு. ரெண்டு பேரு கதையா இருந்தா போதும்னாரு."

ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தார்கள். பட்டுப் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் அவள் கேட்டாள்.

"நான் என்னங்க குறை வெச்சேன்?"

"குறைன்னு இல்ல மேரி." யூஜின் தரையைப் பார்த்தான். "அவனப் பத்தி பேசப் பேச, நானும் அவனும் மட்டும்தான் இருந்த மாதிரி இருந்துச்சு. அது அப்படியே இருக்கட்டும்னு தோணுச்சு."

பொய் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

அடுத்த வாரம் டிவியிலிருந்து ஜூலியா என்ற பெண் கேமராவோடு வந்தாள். தம்பியின் அறையில் யூஜினை உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். லூர்துமேரி டீ போடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுக் கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த ஓவியங்கள்ல ஏன் சார் முகமே இல்ல?"

"சுரங்கத்துக்குள்ள இருட்டும்மா. யாரு மூஞ்சியும் தெரியாது" என்றான் யூஜின். படத்திலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"அதில்ல" என்றாள் லூர்துமேரி.

கேமரா அவள் பக்கம் திரும்பியது.

"கண்ணாடி ஒடச்ச அன்னிக்கு இவரு செகண்ட் ஷிப்ட். நான்தான் கட்டுப்போட்டேன். அப்போ சொன்னான். 'எங்கப்பா சுரங்கத்துல பாறை சரிஞ்சு சாகறப்போ எனக்கு மூணு வயசு அண்ணி. போட்டோகூட இல்ல. அவரு மூஞ்சி எனக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். கேட்டா அழுவாரு. அதான் கேக்கல'ன்னான். 'நான் வரையறதெல்லாம் உங்க மாமனாரைத்தான் அண்ணி'ன்னான்."

யூஜின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு கோணியிருந்தது.

"எங்கிட்ட சொல்லலையே அவன்" என்றான். "உங்கிட்ட எதுக்குச் சொன்னான்?"

அந்தக் குரலில் இருந்த எரிச்சலை லூர்துமேரிக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷமாக அடுப்படியில் நின்று அதை விழுங்கியவள் அவள். முதலில் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. படட்டும் என்று நினைத்தாள். அப்புறம் அவன் கேமராவுக்கு முதுகு காட்டித் திரும்புவதைப் பார்த்துவிட்டு, அதை நிறுத்தச் சொன்னாள்.

டிவிக்காரர்கள் போனதும் அவள் அரிசி களைய உள்ளே போனாள். யூஜின் பின்னாலேயே வந்தான். அந்த அடுப்படியில் அவன் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அவன் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே மேரி. அப்பாவுக்கு எடுப்பான மூக்கு. இடது புருவத்துல ஒரு வெட்டு."

"எனக்கும் சொன்னதில்லையே நீங்க."

அவன் தலையாட்டினான். "இன்னும் என்னென்ன சொல்லுவான் உங்கிட்ட?" என்றான்.

சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. சொன்னாள். அன்றைக்கும், அதற்கடுத்த நாட்களிலும் அவன் வந்து உட்கார்ந்து கேட்டான். தனக்குத் தெரிந்ததையும் சொன்னான். இத்தனை வருஷத்தில் இருவரும் இவ்வளவு பேசியதில்லை. ஆனாலும் டெஸ்மண்ட் பெயர் வரும்போதுதான் அவன் முகம் மலர்கிறது என்பதை லூர்துமேரி கவனிக்காமல் இல்லை. கவனித்தாள். கவனித்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னாள்.