கழுவிய கற்கள்

"கல்லத்தானே கழுவினேன், என்னமோ கொலை பண்ணின மாதிரி..."

"கொலைதான் அண்ணி, நீங்க..."

"காலங்காத்தால என் மேல பாயுற. அதுல புழு இருந்துச்சு, பூச்சி இருந்துச்சு. பாத்துட்டுச் சும்மா இருப்பேனா?"

"அந்தப் பூச்சிதான் அண்ணி கல்லு. அத எடுத்துட்டா அதுல ஒண்ணுமே இல்ல."

பால்கனியில் பழைய செய்தித்தாள் மேல் கற்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நேற்றுவரை ஊதாவும் பச்சையுமாக இருந்தவை, இப்போது துலக்கிய பல் மாதிரி வெளுத்துக் கிடந்தன. இவள் உள்ளே கணவருக்கு உடம்பு துடைத்துவிட்டு வருவதற்குள் நாத்தனார் காரியத்தை முடித்துவிட்டிருந்தாள். வாளியில் பாதிக் கற்களோடு எடுத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தாள்.

"நாப்பது வருஷம் ஆஸ்பத்திரித் துணி வெளுத்தவ நான். அழுக்கு எதுன்னு எனக்கே சொல்லித் தர்றியா? புது வீட்டுக்குச் சுத்தமாப் போகட்டும்னு நெனச்சேன். சோப்புகூடப் போடல."

"அந்தமட்டும் புண்ணியம்."

"தம்பிகிட்ட நானே சொல்லிடறேன்." அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

இவள் வாசற்படியில் குறுக்கே நின்றாள். "அவர் காதுல இது விழக்கூடாது அண்ணி."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றி விட்டவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில். படியேற மூச்சு வாங்கியபோதுதான் தரைத்தளத்தில் வீடு பார்த்தார்கள். பெட்டிகள் கட்டியாயிற்று, முற்பகல் லாரி வரும். ஆனால் அதற்குள் அவரே படுத்துவிட்டார். இனி ஆஸ்பத்திரியில் வைத்துப் பயனில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

அவருக்கென்று இருந்தது அந்தக் கடல்நீர்த் தொட்டி ஒன்றுதான். இரண்டு மீன்கள் பேருக்கு. அவர் பார்த்துப் பார்த்து வளர்த்தது கற்களைத்தான். கடலிலிருந்து வந்த கல், அதன் துளைகளுக்குள் கண்ணுக்குத் தெரிந்ததும் தெரியாததுமாக ஆயிரம் உயிர். காய்ந்தால் செத்துவிடும். சுடுதண்ணீர் பட்டாலும் செத்துவிடும். வீடு மாறுவது என்று முடிவானதிலிருந்து அவர் கேட்ட ஒரே கேள்வி கல்லைப் பற்றித்தான்.

உள்ளிருந்து முனகல் கேட்டது. இவள் போய்க் கட்டில் அருகே குனிந்தாள்.

"கல்லு..."

"நனைஞ்சிருக்குங்க."

அவர் கண் திறக்கவில்லை. ஒரு மூச்சு வந்து, அடுத்தது வர நேரமெடுத்தது.

"எல்லாமா?"

"எல்லாம்" என்றாள்.

கதவுக்குப் பின்னால் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். ஹாலுக்கு வந்ததும் கிசுகிசுத்தாள்: "பொய் சொல்லிட்டியே."

"இன்னும் பொய் ஆகல. அந்த ரெண்டு வாளியையும் எடுங்க."

தொட்டியில் பாதித் தண்ணீர் இருந்தது. கொட்டிவிடக்கூடாது, பழைய தண்ணீர்தான் கல்லுக்குச் சோறு என்று அவர் சொல்லியிருந்தார். இவள் அதை இரண்டு வாளியிலும் மொண்டு ஊற்றினாள். முழங்கை வரை கையை விட்டு, மிச்சமிருந்த உயிருள்ள கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மீன்களோடு ஒரு வாளியில் இறக்கினாள். நாத்தனார் வெளுத்த கற்களை மடியில் அள்ளிக்கொண்டு வந்து அதே வாளியில் போடப் போனாள்.

"அதுல போடாதீங்க. செத்தது அழுகும், உயிரோட இருக்கிறதையும் கெடுத்திடும். இதுக்குத் தனி வாளி. தண்ணி கைக்குச் சில்லுனும் இருக்கக்கூடாது, சுடவும் கூடாது."

"செத்ததுக்கு எதுக்கு வாளி?"

"அழுகி அடங்கட்டும். அப்புறம் உயிர்க்கல்லு பக்கத்துல வச்சா, அதுலேர்ந்து இதுல கொஞ்சம் கொஞ்சமா ஏறும்னு சொல்வாரு. ஒண்ணு இருந்தாப் போதுமாம்."

நாத்தனார் வாளிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு கல்லாக, கண்ணாடிப் பாத்திரம்போல, சத்தம் வராமல் தண்ணீருக்குள் வைத்தாள்.

"காத்து விடற பம்ப் இன்னொண்ணு எங்க?"

"ஏதோ பெட்டியில."

பெட்டிகளையெல்லாம் கட்டியவள் நாத்தனார்தான். முடிச்சுப் போட்டால் கத்திதான் வேண்டும், அப்படியொரு கட்டு. கத்தியும் ஏதோ பெட்டியில். இவள் பல்லால் கயிற்றைக் கடித்து அறுத்தாள். மூன்று பெட்டி கவிழ்ந்தது. மடிப்புக் கலையாத துணிகள் தரையில் சரிந்தன. மிக்ஸி ஜாருக்குள் துண்டில் சுற்றி வைத்திருந்த பம்பை எடுத்துச் செருகினாள். இரண்டாவது வாளியிலும் குமிழ் எழுந்தது.

இவள் உள்ளே போய் அவர் கையைப் பிடித்தாள். இவள் முழங்கையில் உப்புப் பூத்திருந்தது.

"எல்லாம் நனைஞ்சிருக்குங்க. ஒண்ணுகூட வெளிய இல்ல."

மூச்சு ஒன்று வந்து போனது. அடுத்ததற்குக் காத்திருந்தாள். இந்தமுறை நேரம் கூடிக்கொண்டே போயிற்று. கூப்பிட வேண்டியிருக்கவில்லை, நாத்தனாரே வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். "டேய்" என்றாள் ஒருமுறை. பிறகு போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

லாரி டிரைவர் வந்து, கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு, எட்டிப் பார்த்துப் பின்வாங்கினார். "இன்னைக்கு வேணாங்களாம்மா?"

"நாளைக்கழிச்சு வாங்க. கட்டாயம் வாங்க. அந்த வீட்டுக்குப் போறதுதான்" என்றாள் இவள்.

"சரிம்மா. ஹால் நடுவுல இந்த வாளிங்க... ஜனங்க வருவாங்களே, ஓரமா எடுத்து வைக்கட்டுமா?"

"ஒயர் அவ்வளவுதான் எட்டும். வர்றவங்க சுத்திப் போகட்டும். பிளக்கை மட்டும் யாரும் தொடக்கூடாது."

வந்தவர்கள் சுற்றித்தான் போனார்கள். ஒருவர் செருப்பில்லாத காலால் வாளியை இடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், யாரிடம் என்று தெரியாமல். மதியத்துக்கு மேல் யாரோ, கரண்டுக்குக் கேடு, இதை அணைத்தால் என்ன என்று ஆரம்பிக்க, "அணைச்சா கைய ஒடிப்பேன்" என்று பதில் சொன்னது நாத்தனார்.

சாயங்காலம் கூட்டம் சற்றுக் குறைந்தபோது இவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். குமிழ்ச் சத்தம் நிற்காமல் கேட்டது. கடல்தண்ணீர் கைக்குச் சில்லென்றும் இருக்கக்கூடாது, சுடவும் கூடாது என்று காலையில் இவள் சொன்னதை நாத்தனார் எப்படி நினைவு வைத்திருந்தாளோ. தரையில் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய், வெளுத்த கற்கள் கிடந்த வாளிக்குள் புறங்கையை விட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. பிறகு, அவரைப் படுக்க வைத்திருந்த பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"தம்பி, சூடு சரியாத்தான் இருக்குடா."