சிறகு அங்கியின் உட்புறம்

எங்கள் குழந்தைகள் நாடகக் குழுவின் பதினைந்தாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலையை அக்கா என் தலையில் கட்டினாள். குழுவைத் தொடங்கியவள் அவள்தான். மறுத்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வருடா வருடம் ஒரே நாடகம். முடிவில் பறவை வேஷம் போட்ட பெண் கயிற்றில் மேலே போவாள். கடைசி ஆட்டம் முடிந்ததும் சிறகு அங்கியின் உட்புறத்தில் தன் பெயரையும் வருடத்தையும் எழுதுவாள். இந்த வருடம் பறவை என் மகள் வாலு. பெயருக்கேற்ற பிள்ளை.

பெயர்களைக் குறித்துக்கொள்ள அங்கியைத் திருப்பினேன். பதினான்கு இருக்க வேண்டும், பதின்மூன்றுதான் இருந்தன. ஒன்பதாம் வருடத்தைக் காணோம்.

"ஒருத்தி எழுத மறந்துட்டாளா?" என்று குழுவின் தையல்காரம்மாவிடம் கேட்டேன்.

அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மறக்கலம்மா. கடைசி ஆட்டத்துக்கு முன்னாடி ஒத்திகையில கயித்துக் கொக்கி விட்டுருச்சு. பொண்ணு பிழைக்கல. படியில விழுந்துட்டதா சொல்லி மூடிட்டாங்க. அதே கொக்கியத்தான் நெளிவெடுத்து மாட்டியிருக்காங்க."

நேராக அக்காவிடம் போனேன்.

"பழசைக் கிளறாத," என்றாள். "இப்போ கொக்கியை மாத்தினா ஏன்னு கேப்பாங்க. கேட்டா குழுவையே இழுத்து மூடணும். உனக்குப் பயமா இருந்தா சொல்லு, வேற பொண்ணை ஏத்திக்கிறேன்."

சண்டை போட்டிருக்க வேண்டும். வாலுவுக்குக் காய்ச்சல் என்று எல்லோரிடமும் சொன்னேன். மலரில் 'ஒரு குறையும் இல்லாமல் பதினான்கு ஆண்டுகள்' என்று எழுதிக் கொடுத்தேன். பாவி நான்.

ஆட்டத்தன்று முதல் வரிசையில் வாலுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் எதிர்வீட்டுக்காரி. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க புண்ணியத்துல என் பொண்ணுக்கு இந்த வேஷம் கிடைச்சுது."

அளவு பெரிய அங்கியில் அந்தச் சின்னப் பெண் மேலே போனாள். கப்பி கிறீச்சிட்டது. அரங்கமே கைதட்டியது. என்னால் கொக்கியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"அம்மா, எனக்குக் காய்ச்சலே இல்லையே. எதுக்குப் பொய் சொன்ன?" என்று வாலு கேட்டாள்.

எதிர்வீட்டுக்காரியின் கைதட்டல் நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தாள்.